மூத்தவளுக்குப் புதுக் குழல்

விடிகிற நேரத்தில் பூதக்கண்ணாடி இரும்புக்குள் நடந்துகொண்டிருந்தாள்.

பூதக்கண்ணாடி என்பது பட்டறை ஆட்கள் அவளுக்கு வைத்த பெயர். மலைச்சாலைத் துறையின் பட்டறையில், கடைசல் மெஷின்களையெல்லாம் தாண்டிக் கோடியில் ஒரு சின்ன அறை. அங்கே உட்கார்ந்து, தேய்ந்ததையும் உடைந்ததையும் அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து, ஏன் இப்படி ஆயிற்று என்று சொல்வதுதான் அவள் வேலை. பனி தள்ளும் வண்டியின் பல்சக்கரமோ பாலத்து ஆணியோ, எதுவாக இருந்தாலும் கண்ணை வைத்துவிட்டாளானால் ஆள் இங்கே இருக்க மாட்டாள். டீ ஆறிப்போகும். கூப்பிட்டால் "ம்" என்பாள், எதற்கு "ம்" சொன்னோம் என்று அவளுக்கே தெரியாது. "அம்மா ஊருக்குப் போயிருக்கா" என்பாள் மகள். ஏழு வயசு. வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. வைத்த பெயருக்குக் குறை வைக்காத பிள்ளை.

அன்று அம்மா போயிருந்த ஊர் ஒரு பீரங்கிக் குழலின் உட்சுவர்.

கட்டைவிரல் பருமனில் ஒரு துண்டு. கண்ணாடி மாதிரி பளபளத்த அதன் முகத்தை அமிலம் தொட்ட பஞ்சால் ஒரு தடவு தடவியதும், ஒன்றுமில்லாத இடத்தில் வயலும் வரப்புமாக எஃகு விரிந்தது. அவள் வரப்பு வரப்பாக நடந்து ஓரத்துக்கு வந்தாள். குண்டு உரசிப் போகிற ஓரம். அங்கே அமிலத்துக்குக் கட்டுப்படாமல் ஒரு வெள்ளைப் பட்டை கிடந்தது. ஒவ்வொரு முறை சுடும்போதும் கொதிக்கிற புகை அந்தச் சுவருக்குக் கார்பனையும் நைட்ரஜனையும் ஊட்டி ஊட்டி, அதை அப்பளம் போல் ஆக்கியிருந்தது. கோடையில் வற்றிய குளத்து மண் மாதிரி அது வெடித்துக் கிடந்தது. இரண்டு வெடிப்புகள் அடியில் போய்ச் சேர்ந்த இடங்களில், நடுவில் இருந்த துணுக்கையே காணோம். அடுத்த குண்டு அள்ளிக்கொண்டு போயிருக்கும். அவ்வளவு சேதம், ஆனால் என்ன அழகு என்று அவளுக்குத் தோன்றியது. அழிவைப் பார்த்து அழகு என்று நினைக்கிறோமே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

வெளியே ராத்திரி முழுக்கப் பெய்த பனி ஜன்னலின் பாதிவரை ஏறியிருந்தது. உலகத்தில் சத்தமே இல்லை.

பீரங்கிக்கும் சாலைத் துறைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அந்த மலையில் பனி இப்படிக் கொட்டினால், உச்சிச் சரிவில் மலை மலையாகச் சேரும். சும்மா விட்டால், அதற்கு எப்போது மனசு வருகிறதோ அப்போது இறங்கும். கீழே பஸ் போகிறதா, பள்ளிக்கூட வண்டி போகிறதா என்றெல்லாம் அது பார்க்காது. அதனால் விடிந்ததும் சாலையை மூடிவிட்டு, சரிவின் நெற்றியில் குண்டு போட்டு, நாமே அதை இறக்கிவிட வேண்டும். எந்தக் காலத்துப் போரிலோ ஓய்வு பெற்ற இரண்டு பீரங்கிகள் இந்த வேலைக்கு வந்திருந்தன. மேல் காவலில் இருப்பவள் மூத்தவள். கீழ்க் காவலில் இருப்பவள் இளையவள்.

சுடுகிற நேரத்தில் பனிமூட்டத்தில் மலையே தெரியாது. குருட்டுச் சூடுதான். தெளிந்த நாளில் கண்ணால் பார்த்துச் சுட்டு, எந்தத் திசை, எவ்வளவு ஏற்றம் என்று ஓர் அட்டையில் எழுதி வைத்திருப்பார்கள். மூட்டத்தில் அட்டையில் உள்ளபடி சக்கரத்தைத் திருப்பிச் சுட வேண்டியது. குண்டு எங்கே விழுந்தது என்பதைச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் பூதக்கண்ணாடியின் கணவரை மிஞ்ச ஆள் கிடையாது. மூத்தவளைச் சுடுகிறவர் அவர். 'தொம்' என்ற சத்தம் வந்ததும் தலையைச் சாய்த்து, "மேலயும் இல்ல, கீழயும் இல்ல, நெத்திப் பொட்டுல" என்பார். மூட்டம் விலகிப் பார்த்தால் அங்கேதான் பள்ளம் இருக்கும். அதனால் அவர் பெயர் காதுக்காரர். காதும் பூதக்கண்ணாடியும் குடும்பம் நடத்துகிற வீட்டில் எதையும் ஒளிக்க முடியாது என்று பட்டறையில் கிண்டல் செய்வார்கள்.

இந்த இலையுதிர் காலத்தில்தான் மூத்தவளுக்குப் புதுக் குழல் கிடைத்தது. பழையதை இறக்கி, அறுத்து, துண்டுகளை இவள் மேஜைக்கு அனுப்பியிருந்தார்கள்.

அவளுக்கு உறுத்தியது ஒன்றுதான். தேய்மானம் அளவுக்கு மீறி இருந்தது. மூத்தவளும் இளையவளும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கைதான் சுட்டிருக்கிறார்கள். இளையவளின் குழல் இன்னும் கல்யாணப் பெண் மாதிரி இருக்கிறது. இவளுக்கு மட்டும் ஏன் இந்த கதி? துண்டைத் தூக்கிப் போய்ப் பொறி மெஷினில் வைத்தாள். மெஷின் எஃகின்மேல் ஒரு பொறி விட்டு, அந்த வெளிச்சத்தைப் பிரித்து, உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்று சொல்லிவிடும். கார்பன் இருந்தது, மாங்கனீஸ் இருந்தது, பேருக்குக் கொஞ்சம் குரோமியம். மாலிப்டினம் இல்லை. வனேடியம் மருந்துக்குக்கூட இல்லை. இளையவளிடம் இரண்டுமே உண்டு. சூட்டில் எஃகு இளகிப் போகாமல் பிடித்து நிறுத்துவது மாலிப்டினம். அந்த வயல்கள், அதாவது எஃகின் மணிகள், பெருத்துவிடாமல் பார்த்துக்கொள்வது வனேடியம். அவை இரண்டும் இல்லாமல் இத்தனை வருஷம் நெருப்பை விழுங்கியிருக்கிறாள் மூத்தவள்.

"அடிப்பாவி, நீங்க ரெண்டு பேரும் ஒரு வயித்துப் பிள்ளையே இல்லையா?" என்றாள் பூதக்கண்ணாடி, வாய்விட்டு.

ஒரே அச்சு, ஒரே பச்சைப் பெயின்ட். எல்லோரும் ஒரே எஃகு என்றே நினைத்திருந்தார்கள். அளவுகோலைத் தூக்கிக்கொண்டு மேல் காவலுக்கு ஏறுவது பெரும்பாடு. அதனால் வருஷா வருஷம் இளையவளை அளந்துவிட்டு, மூத்தவளுக்கும் அதுதான் என்று விட்டுவிடுவார்கள். பூதக்கண்ணாடியும் அதற்குத் தலையாட்டியவள்தான்.

சரி, தேய்ந்தது புரிந்துவிட்டது. புரியாதது வேறு. குழலின் தொண்டை இவ்வளவு அகன்று போனால், புகை குண்டைத் தள்ளாமல் பக்கவாட்டில் நழுவிவிடும். குண்டின் வேகம் குறையும். வேகம் குறைந்த குண்டு எட்டாமல் கிட்டத்தில் விழும். ஒரு காகித ஓரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கடைசி மூன்று பனிக்காலங்களில் மூத்தவளின் குண்டுகள் சரிவையே தொட்டிருக்கக் கூடாது. நடுவில் உள்ள ஓடையில் விழுந்திருக்க வேண்டும். ஆனால் எல்லாமே நெற்றிப் பொட்டில் விழுந்தன. காதுக்காரர் சொன்னார், மூட்டம் விலகியதும் எல்லோரும் பார்த்தார்கள்.

கணக்கில்தான் பிசகு என்று மறுபடி போட்டாள். அதே விடை. எரிச்சலாக வந்தது. மறுபடியும் கண்ணை நுண்ணோக்கியில் வைத்து, அந்த வற்றிய குளத்தின் கரையில் சும்மா உட்கார்ந்துகொண்டாள். எங்கிருந்தோ ஓர் ஊளை கேட்டது. குளத்தின் அந்தப் பக்கத்திலிருந்து வருவது போல் இருந்தது. அது சாலையை மூடுகிற முதல் சங்கு என்று அவளுக்கு உறைக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

இன்று முதல் பனி. மூத்தவள் புதுக் குழலோடு சுடப் போகிற முதல் நாள்.

அவளுக்கு என்னவோ வீட்டுக் கதவு ஞாபகம் வந்தது. ஏன் வந்தது என்று தெரியாமலே அதைப் பிடித்துக்கொண்டு போனாள். வீட்டு வாசல் கதவு வருஷக்கணக்காகத் தொங்கிப்போய்த் தரையில் இழுபட்டது. ஆசாரியைக் கூப்பிடுங்கள் என்று அவள் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். "இதுக்குப் போய் ஆசாரியா? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணா திறந்துக்குது" என்பார் அவர். பிடியை ஒரு தூக்குத் தூக்கி, தோளால் ஒரு இடி இடித்துத் திறப்பார். மனுஷர் எல்லாவற்றிலும் அப்படித்தான். ஆடுகிற மேஜைக்கு அட்டை மடித்து வைப்பார், பின்தங்குகிற கடிகாரத்தை முன்னால் தள்ளி வைப்பார். எதையும் சரி செய்ய மாட்டார், எதையும் குறை சொல்லவும் மாட்டார். போன வாரம் அவள் பொறுக்க முடியாமல் தானே ஆசாரியை வரவழைத்துக் கீலை மாற்றிவிட்டாள். அன்று சாயங்காலம் அவர் வந்தார். பிடியைத் தூக்கினார், தோளால் இடித்தார். கதவு பட்டென்று விரிய, ஆள் நேரே உள்ளே பறந்து வந்து செருப்பு அலமாரியின் மேல் விழுந்தார்.

"கீல் மாத்தியாச்சுன்னு காலையிலதானே சொன்னேன்? ஏங்க தூக்குனீங்க?"

"நான் எங்கடி தூக்குனேன்? சும்மாதான் திறந்தேன்!"

மறுநாளும் விழுந்தார். மறுநாளும் தூக்கவே இல்லை என்று சத்தியம் செய்தார். அவள் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப்போனாள்.

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மூத்தவளின் சக்கரத்தில் அளவு வைத்து முடித்ததும் அவர் அதை ஒரு தட்டுத் தட்டுவார். வாலுவோடு மேல் காவலுக்குப் போனபோது அவளே பார்த்திருக்கிறாள். பிள்ளையை முதுகில் தட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது மாதிரி செல்லமாக ஒரு தட்டு. அது அவர் ராசி என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். ராசியாவது, மண்ணாவது! குழல் தேயத் தேய, குண்டு கிட்டத்தில் விழுகிற சத்தம் முதலில் எட்டியது அந்தக் காதுக்குத்தானே? அதற்கு ஏற்றாற்போல் அந்தக் கை ஒரு தட்டில் சக்கரத்தை நகர்த்தி ஏற்றத்தைக் கூட்டியிருக்கிறது. கதவைத் தூக்கின கை.

புதுக் குழல் வந்தபின் வெளியிலிருந்து ஆட்கள் வந்து, அவர்களே சக்கரத்தைத் திருப்பி, தெளிந்த நாளில் சுட்டுப் பார்த்துப் புது அட்டை எழுதிக் கொடுத்தார்கள். அன்று அவர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். அட்டை சரியானதுதான். இன்றைக்கு அதன்மேல் அவர் ஒரு தட்டுத் தட்டுவார். தேயாத குழலிலிருந்து முழு வேகத்தில் கிளம்புகிற குண்டு சரிவில் விழாது. முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போகும்.

முகட்டுக்கு அந்தப் பக்கம் அவள் தம்பி வீடு. லீவுக்கு மாமா வீட்டுக்குப் போன வாலு அங்கேதான் இருக்கிறாள்.

அவள் கோட்டைக்கூட எடுக்கவில்லை. கட்டுப்பாட்டு அறை முற்றத்தின் எதிர்ப்பக்கம் இருந்தது. முழங்கால்வரை பனி. கனவில் ஓடுகிற மாதிரி கால் எடுத்து வைத்த இடத்திலேயே நின்றது. பனி மெதுவாக, எந்த அவசரமும் இல்லாமல், அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. பாதி முற்றத்தில் இரண்டாவது சங்கு ஊதியது. இனிச் சுடுவார்கள் என்று அர்த்தம். கடவுளே, அவர் இன்றைக்கு மட்டும் சோம்பேறியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் வயசான மனுஷர். சுடச் சொல்வதும் நிறுத்தச் சொல்வதும் அவர் பொறுப்பு. எல்லோருக்கும் அவர் அண்ணன்தான்.

"என்னம்மா இது, கோட்டு இல்லாம? உக்காரு. சுடப் போறாங்க, யாரும் பேசக்கூடாது."

"அண்ணே, மைக்கைக் குடுங்க."

"விளையாடுறியா? சுடுற நேரத்துல—"

அவள் கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினாள். அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. சுடுகிற நேரத்தில் யாரும் பேசக்கூடாது, ஆனால் ஒரே ஒரு சொல்லை மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், வண்டி ஓட்டுகிறவர்கூடச் சொல்லலாம். சொன்னால் எல்லாம் நின்றாக வேண்டும். ஏன் சொன்னோம் என்று எல்லோர் காதிலும் விழ விளக்கியாக வேண்டும்.

"நில்!" என்றாள்.

வயர்லெஸ் கரகரத்தது. பிறகு கணவர் குரல். "மேல் காவல். நிறுத்தியாச்சு. யாரு சொன்னது?"

"நான்தாங்க."

அடுத்து என்ன சொல்வது? கீழ்க் காவல் கேட்டுக்கொண்டிருக்கிறது, சாலையை அடைக்கிற இரண்டு கேட்காரர்களும், பனி தள்ளும் வண்டிக்காரர்கள் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 'இத்தனை வருஷமா அட்டையை மீறிச் சுட்டிருக்கீங்க' என்று சொன்னால், காதுக்காரர் என்ற பெயர் மத்தியானத்துக்குள் நாறிவிடும். அவரிடம் இருக்கிற ஒரே சொத்து அந்தப் பெயர்தான். சொல்லாமல் விட்டால் வாலு. அவள் மறுபடி பொத்தானை அழுத்தினாள்.

"என்னங்க... நம்ம வீட்டுக் கதவு இப்போ நேரா இருக்குங்க. நீங்க தூக்கிட்டீங்களான்னு கொஞ்சம் பாருங்க."

கீழ்க் காவலில் யாரோ சிரித்தார்கள். "ஏம்மா பூதக்கண்ணாடி, வீட்டுக் கதவுக்கா பீரங்கிய நிறுத்துன?"

"என்ன கதவு? நான் எங்கடி தூக்கு—" என்றது அவர் குரல். பாதியில் நின்றது.

அண்ணன் அவளையும் வயர்லெஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் காதுக்காரர் தன் பக்கத்தில் நின்ற ஆளிடம் பேசுவது கேட்டது. பொத்தானிலிருந்து கையை எடுக்காமலே பேசினார். எல்லோரும் கேட்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தார் போலும்.

"அட்டையில என்ன இருக்கு? படி."

அவன் படித்தான்.

"இப்போ சக்கரத்துல என்ன இருக்கு? நான் தொடல. நீயே பாத்துச் சொல்லு."

"அதேதான்... இல்லைங்க. இருங்க. ஒரு கோடு கூட இருக்குங்க."

யாரும் சிரிக்கவில்லை. சக்கரத்தில் ஒரு கோடு கூடினால் குண்டு எவ்வளவு தூரம் தள்ளிப் போகும் என்று அந்த மலையில் எல்லோருக்கும் தெரியும்.

"எல்லாரும் கேட்டுக்கங்க" என்றார் காதுக்காரர். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "தப்பு என்னுது. பழைய குழல் கிட்டத்துல போட ஆரம்பிச்சுது. சொன்னா இறக்கிடுவாங்க, மேல் சரிவு சும்மா கிடக்கும்னு கொஞ்சம் கூட்டி வெச்சேன். முதல் வருஷம் தெரிஞ்சு செஞ்சேன். அப்புறம் கைதான் செஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. இப்போகூட நான் தட்டுனது எனக்குத் தெரியல. சத்தியமாத் தெரியல." அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "ஏண்டி... வாலு அங்கதானே இருக்கா?"

"அங்கதாங்க இருக்கா."

அண்ணன் மைக்கை வாங்கிக்கொண்டார். திட்டுவார் என்று அவள் நினைத்தாள். அவர் திட்டவில்லை. "மேல் காவல், சக்கரத்தை இனி வேற ஆள் தொடட்டும். நீங்க கையைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு நில்லுங்க. காதை மட்டும் குடுங்க" என்றார். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். பிறகு சக்கரத்தில் உள்ளதை இரண்டு தடவை படிக்கச் சொல்லி, சுடச் சொன்னார்.

மலை ஒரு தடவை அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடி கிணுகிணுத்தது. அப்புறம் அந்த நீண்ட அமைதி. பூதக்கண்ணாடி கண்ணை மூடிக்கொண்டாள். தொம். தூரத்தில், பஞ்சு மூட்டைக்குள்ளிருந்து வருகிற மாதிரி. அதன் பின்னால் பனி மெல்ல மெல்ல இறங்குகிற ஓசை, பெரிதாகி, ஓடையில் போய் அடங்கியது.

"நெத்திப் பொட்டுல" என்றார் அவர்.

மத்தியானம் தம்பி வீட்டுக்குப் போன் கிடைத்தது. எடுத்தவள் வாலுதான். அப்பாவின் பீரங்கிச் சத்தத்துக்கு அவள் வைத்த பெயர் தும்மல்.

"அம்மா, அப்பா இன்னிக்கு லேட்டாத் தும்முனாரு! நான் எவ்ளோ நேரம் காத்துக்கிட்டு நின்னேன் தெரியுமா? மூக்கெல்லாம் விறைச்சுப் போச்சு."

"எங்கடி நின்ன?"

"பின்னாடி மேட்டு மேல. முகட்டுக்குக் கீழ. அங்கதாம்மா அப்பா சத்தம் நல்லாக் கேக்கும். மாமா வீட்டுக்கு வந்தா எப்பவும் அங்கதான் நிப்பேன்."

ஜன்னலுக்கு வெளியே அவள் கண் முகட்டைத் தேடியது. "அம்மா ஊருக்குப் போயிட்டா" என்று மாமாவிடம் சொல்லிவிட்டு வாலு போனை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் வாசலில் காலடி கேட்டது. வழக்கமான இடி கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, "நீயே திற" என்றது குரல். அவள் திறந்தாள். கதவு சத்தமில்லாமல் விரிந்தது. அவர் இரண்டு கைகளையும் கோட்டுப் பாக்கெட்டில் விட்டபடி, தலை முழுக்கப் பனியோடு நின்றிருந்தார். காலையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லையோ என்னவோ.

"வாலு பேசினாளா?"

"பேசினா. லேட்டாத் தும்முனீங்களாம்."

அவருக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. "எங்கேயிருந்து கேட்டாளாம்?"

சொல்லாமல் விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். வீட்டுக்குள்ளிருந்து என்று சொன்னால் இன்று ராத்திரியாவது மனுஷர் தூங்குவார். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக அட்ஜஸ்ட் செய்துகொண்டு போனதெல்லாம் எங்கே கொண்டுவந்து விட்டது என்று அவள் இன்றைக்குத்தான் பார்த்திருக்கிறாள்.

"முகட்டுக்குக் கீழ, மேட்டு மேல நின்னுக்கிட்டு. எப்பவும் அங்கதான் நிப்பாளாம்."

அவர் அப்படியே செருப்பு அலமாரியின் மேல் உட்கார்ந்துவிட்டார். வலது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து, யாருடையதோ கையைப் பார்ப்பது போல் வெகுநேரம் பார்த்தார். தோள் குலுங்கியது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவர் விரல்கள், அவருக்கே தெரியாமல், அவள் முழங்காலை ஒரு தட்டுத் தட்டின.